டவர் விழுந்தாலும் தகவல் போகும்!

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிக் கல்வராயன் மலையில் ஏறுபவர்களுக்குத் தெரியும்... பள்ளத்தாக்கில் ஒதுங்கிக்கிடக்கும் பல சிற்றூர்களில், போன் பேசவேண்டும் என்றால் சிக்னல் தேடி மேட்டுக்குப் போகவேண்டும். சாதாரண நாளிலேயே இப்படி என்றால், புயல் நாளில்?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களும் வெள்ளத்தில் தவித்தன. அதுபோன்ற நேரத்தில் மின்சாரம் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், கையில் இருக்கும் ஸ்மார்ட்போன் வெறும் டார்ச் லைட்தான்.

அந்த நேரத்துக்கென்றே இருக்கிறது, ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி. டவர், கேபிள், இன்டர்நெட் எதுவும் வேண்டாம். ஒரு டிரான்ஸீவர், ஒரு ஆன்டெனா, ஒரு பேட்டரி போதும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இதை நாடே பார்த்தது. பொழுதுபோக்கு வானொலிப் பயணமாகக் குழுவினருடன் போர்ட் பிளேர் போயிருந்தார் பாரதி பிரசாத். அந்தமானின் தொலைத்தொடர்பு முடங்கியபோது, அவர்களுடைய ஹாம் கருவிகள்தான் வெளியுலகுக்குச் செய்தி சொல்லும் வழிகளில் ஒன்றாக இருந்தன.

ரகசியம் கூடாது!

ஹாம் வானொலியில் ஒரு முக்கியமான விதி உண்டு. பேசுவது எல்லோருக்கும் புரியவேண்டும். சங்கேத மொழியில் மறைத்துப் பேசக் கூடாது. வியாபாரம் செய்யவும் கூடாது. இப்படிப்பட்ட உலகத்துக்கு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. சமையல் குறிப்பை முழுசாக எழுதிக் கொடுத்து, 'நீங்களும் செய்துபாருங்கள், வேண்டுமானால் காரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்' என்று சொல்வது போன்றதுதான் ஓப்பன் சோர்ஸ். நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், இலவசமாகப் பகிரலாம்.

'எஃப்.எல்.டிஜி' என்பது அப்படி ஒரு மென்பொருள். லேப்டாப்பில் டைப் செய்யும் எழுத்துகளை இது விசில் போன்ற ஒலிகளாக மாற்றும். அந்த ஒலி வானொலி வழியே போகும். மறுமுனையில் இருக்கும் லேப்டாப் அதைக் கேட்டு மறுபடியும் எழுத்தாக்கும். இதன் உறவுக்கார செயலியான 'ஆண்ட்எஃப்.எல்.மெசேஜ்' ஆண்ட்ராய்டு போனிலேயே வேலை செய்யும். ஒயர் இல்லாவிட்டாலும் போனின் ஸ்பீக்கரை வானொலியின் மைக் அருகே பிடித்தால் போதும். சிக்னலே இல்லாத போன், தந்தி மெஷின் ஆகிவிடும்!

'பேசினாலே போதுமே, எழுத்து எதற்கு?' என்று தோன்றலாம். இரைச்சலுக்கு நடுவே 'பதினைந்து' என்பது 'பதினெட்டு' என்று காதில் விழலாம். முகாமில் எத்தனை குழந்தைகள், எந்த மருந்து எத்தனை பாட்டில் என்ற பட்டியலில் அப்படித் தவறு நேரக் கூடாது. எழுத்தாக வந்தால் அப்படியே சேமித்து அதிகாரிகளிடம் காட்டலாம்.

மலை தடையா, துணையா?

கையடக்கக் கருவிகள் பயன்படுத்தும் வி.ஹெச்.எஃப். அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகும். சமவெளியைவிட 600 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு, குறுக்கே எதுவும் இல்லாவிட்டால், சுமார் 100 கி.மீ. தூரம் வரை வானொலித் தொடுவானம் விரியும். ஆனால், நடுவில் ஒரு குன்று நின்றால் பக்கத்து ஊரே கேட்காது. எந்த மேட்டில் நின்றால் கள்ளக்குறிச்சியோடு பேசலாம், எந்தப் பள்ளத்துக்கு இடையில் ஓர் அஞ்சல் நிலையம் தேவை என்பதை முன்கூட்டியே கணக்குப் போட 'ஸ்ப்ளாட்' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது. விண்கலம் அளந்து தந்த நில உயரத் தகவல்களைக்கொண்டு, இரு இடங்களுக்கு நடுவே என்ன தடை என்பதை வரைந்து காட்டும்.

நோபல் விஞ்ஞானியும் குழாய் வாஷரும்

இந்த மென்பொருள்களை எழுதுபவர்கள் யார்? ஒருவர் ஜோ டெய்லர். 1993-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்க வானியலாளர். விண்ணிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ துடிப்புகளைப் பிடித்த அனுபவம் அவருடையது. அவர் தொடங்கிய 'டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸ்' மென்பொருளில் 2017-ல் 'எஃப்.டி.8' என்ற முறை அறிமுகமானது. 15 விநாடிக்கு ஒரு குறுஞ்செய்தி. இரைச்சலில் காதுக்கே எட்டாத சிக்னலையும் கம்ப்யூட்டர் படித்துவிடும். ஒரு மின்விளக்கு எரியத் தேவைப்படும் ஆற்றலில் கடல் கடந்து தொடர்புகொள்கிறார்கள்.

இன்னொருவர் நம் பக்கத்து ஊர்க்காரர், ஐதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான். விலை உயர்ந்த வெளிநாட்டுக் கருவி வாங்க முடியாதவர்களுக்காக 'பிட்எக்ஸ்' என்ற டிரான்ஸீவரை வடிவமைத்து, வரைபடத்தை எல்லோருக்கும் கொடுத்தார். அதில் காயில் சுற்ற அவர் தேர்ந்தெடுத்தது, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தண்ணீர்க் குழாய் வாஷர்! பின்னாளில் வந்த அவருடைய 'எஸ்பிட்எக்ஸ்' கருவி, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓப்பன் சோர்ஸ் நிரலால் இயங்குகிறது.

நீங்களும் சேரலாம்

மென்பொருள் இலவசம்தான், ஒலிபரப்ப மட்டும் உரிமம் கட்டாயம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாக்கிடாக்கி வாங்கி, ஹாம் அலைவரிசையில் உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சரல் சஞ்சார்' தளத்தில் விண்ணப்பிக்கலாம். 12 வயது நிரம்பியிருந்தால் போதும். 'ரெஸ்ட்ரிக்டட்' தரத் தேர்வில் அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிகளும் மட்டுமே. மோர்ஸ் தேவை இல்லை. 'ஜெனரல்' தரத்துக்கு மோர்ஸ் உண்டு. எந்த அலைவரிசையில், எவ்வளவு ஆற்றலில், எந்த முறையில் பேசலாம் என்பது உரிமத்தின் தரத்தைப் பொறுத்தது. தேறியவர்களுக்கு உலகில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி கிடைக்கும்.

ஒரு விஷயம் மட்டும் முக்கியம். புயல் எச்சரிக்கை வந்த பிறகு மென்பொருளை டவுன்லோடு செய்து பயனில்லை. மலையில் எங்கே நின்றால் எங்கே கேட்கிறது என்று வெயில் நாளிலேயே பேசிப்பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். கல்வராயன் மலையடிவாரத்துப் பள்ளி, கல்லூரி ஒன்றில் நாலைந்து பேர் உரிமம் வாங்கி, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்கினால், அடுத்த புயலில் மலைமேல் இருப்பவர்களின் நிலைமை கீழே இருப்பவர்களுக்கு உடனே தெரியும்.