கரையோரம் இரு நாழிகை

கடற்கரைக்குச் செல்லுதல் வேறு. கடற்கரையைக் காணுதல் வேறு. விடுமுறை நாளிலே பேருந்தில் வந்திறங்கி, அலையிலே காலை நனைத்து, வறுத்த கடலையைக் கொறித்து, பொழுது சாய்ந்தவுடன் திரும்புவோர் கடற்கரைக்குச் சென்றவராவர். அக்கரையில் ஓடி மறைந்த நண்டின் கண்கள் எங்ஙனம் அமைந்திருந்தன, மணல்மேட்டில் படர்ந்திருந்த கொடியின் இலை எவ்வடிவினது என்று அவர்களை வினவின், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். இக்குறையை நீக்குதற்கு நெடும்பயணமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. ஊருக்கு அண்மையிலுள்ள ஒரு சிறு கரைப்பகுதியை, இரு நாழிகைப் பொழுது மெல்ல நடந்து, ஆண்டு முழுதும் பன்முறை காணுதலே போதும். கடலோரப் பள்ளிகள் இந்நடையைப் பாடத்தின் ஒரு கூறாகவே கொள்ளல் வேண்டும். ஆண்டிற்கொருமுறை செல்லும் சுற்றுலாவைக் காட்டிலும் இது பயன் மிகுதியும் உடையது.

தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டை எடுத்துக்கொள்வோர்க்கு இதன் உண்மை எளிதில் விளங்கும். திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், முத்துக்குளித்துறை எனப் புகழ்பெற்ற கரையிலே அமைந்தது இவ்வூர். கடலை நோக்கி நீண்டு நிற்கும் மணற்குன்று. அதன் உச்சியில் 1581ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற திருச்சிலுவை ஆலயம். குன்றின் அடியில், 1542இல் இக்கடற்கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகக் கூறப்படும் குகை. இவற்றைக் காண வருவோர் ஆண்டுதோறும் பல்லாயிரவர். ஆயினும், ஊரை ஒட்டிக் கருமேனியாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. கழியின் ஓரத்தில் தொடங்கி, மணற்பரப்பைக் கடந்து, குன்றின் அடிவரை செல்லும் நடை சிறிதே. அச்சிறு தொலைவுக்குள் ஆற்று நீரும் உவர் நீரும் கலக்கும் சேறு, அலை தவழும் ஈரமணல், காற்று குவித்த உலர்மேடு என மூவகை நிலங்கள் அடுத்தடுத்து வருகின்றன. நிலம் மாறுந்தோறும் அதில் வாழும் உயிரும் மாறுகின்றது.

கழியோரச் சேற்றில் குளிர்காலத்தில் மேயும் உள்ளான்கள் இந்நாட்டிலே பிறந்தவை அல்ல. சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் குஞ்சு பொரித்து, அங்கே பனி மூடுங்கால் பல்லாயிரம் கல் கடந்து வந்து, வேனில் முற்றுமுன் மீண்டும் வடதிசை செல்வன. ஓர் உள்ளங்கையில் அடங்கத்தக்க பறவைக்கு இத்துணை ஆற்றலா என்று வியப்புத் தோன்றும். அவ்வியப்போடு நின்றுவிடாமல் அலகை நோக்குதல் வேண்டும். நீண்ட அலகுடைய உள்ளான் சேற்றுக்குள் ஆழக் குத்தி, கண்ணுக்குப் புலப்படாத புழுவைப் பற்றி இழுக்கும். குட்டை அலகுடைய உப்புக்கொத்தியோ சிறிது ஓடும், நிற்கும், மேற்பரப்பில் அசைவதைக் கண்டு கொத்தும், மீண்டும் ஓடும். ஒரே சேற்றில், ஒரே வேளையில், ஒன்றன் உணவை மற்றொன்று பறிக்காமல் இரண்டும் உண்கின்றன. கடலின்மேல் வட்டமிடும் ஆலா தலைகீழாக நீரில் விழுந்து மீனோடு எழும்; கடற்காகம் அங்ஙனம் பாய்வதில்லை; படகினர் எறியும் கழிவுக்காகக் காத்து மிதக்கும். இரண்டும் வெண்ணிறமாயிருத்தலின் 'கடற்பறவை' என்னும் ஒரே பெயரால் இரண்டையும் அழைத்துவிடுவோர் உளர். அது மாவையும் பலாவையும் 'மரம்' என்று கூறி முடித்துவிடுவது போன்றது.

நெய்தல் திணையைப் பயிலும் மாணவர்க்கு உலர்மேடு தனியொரு பாடமாகும். அங்கே மணலைக் கவ்விப் படரும் அடும்பங்கொடியை மக்கள் அடப்பங்கொடி என்பர். அதன் இலை நடுவே பிளந்திருக்கும். குறுந்தொகைப் புலவர் ஒருவர் அதனை மானின் அடிக்கு ஒப்பிட்டார். பன்னூறு ஆண்டுகள் கழித்து, மேலைநாட்டுச் செடிநூலார் இதே கொடிக்கு இலத்தீன் மொழியில் பெயரிட்டபோது 'ஆட்டின் அடி' என்று பொருள்படும் சொல்லையே தேர்ந்தனர். சங்கப் புலவரை அவர் கற்றவரல்லர். இருவரும் ஒரே இலையை நேரிற் கண்டனர். ஆதலின் இருவர்க்கும் ஒரே வகை உவமை தோன்றிற்று. உரையில் 'அடும்பு என்பது ஒருவகைக் கொடி' என்று படித்து, அவ்வளவில் மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு அவ்வுவமையின் நயம் எங்ஙனம் விளங்கும்? ஒருவகைக் கொடி என்று எழுதிய உரைகாரருள்ளும் அதனைக் கண்ணாற் காணாதவர் இருந்திருக்கக் கூடும்.

அலவனைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். மகளிர் கடற்கரையில் நண்டை ஓட்டி விளையாடியதை நெய்தற் பாடல்கள் பலவிடத்துப் பேசுகின்றன. அவ்விளையாட்டின் சுவை, ஈரமணலில் நண்டை ஒருமுறை துரத்தியவர்க்கே தெரியும். காம்பின்மேல் நிற்கும் அதன் கண்கள் எப்பக்கமும் நோக்கும். நிழல் அசைந்தவுடன் பக்கவாட்டில் பாய்ந்து வளைக்குள் மறையும். நிலத்தில் வாழ்வதாயினும் அது செவுளால் மூச்சுவிடுவதால், அவ்வப்போது அலை நனைத்த மணலுக்கு வந்து ஈரம் பெற்றுச் செல்கின்றது. பத்து நிமிடம் அசையாது அமர்ந்திருப்பவர்க்கு வளைகளிலிருந்து ஒவ்வொன்றாக நண்டுகள் வெளிப்படும் காட்சி கிட்டும். அசையாதிருத்தல் மாணவர்க்கு எளிதன்று என்பது உண்மையே!

இவையெல்லாம் இன்பப் பொழுதுபோக்கு என்று கருதுவோர்க்கு, 2016ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இக்கரையில் நிகழ்ந்ததை நினைவூட்டல் வேண்டும். ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு ஆகிய ஊர்களின் கரையிலே எண்பதுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் உயிரோடு ஒதுங்கின. குறுந்துடுப்புடைய இவ்வகைத் திமிங்கிலங்கள் கூட்டமாக வாழ்பவை. ஒன்று சென்ற வழியே மற்றவையும் செல்லும் இயல்பின. கரையோர மீனவர்கள் தம் தொழிலை விடுத்து, படகுகளில் கயிறு கட்டி அவற்றை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டனர். விடப்பட்டவற்றுட் சில, கூட்டத்தை நாடி மீண்டும் கரைக்கே வந்தன. பல உயிர் நீத்தன. காரணம் யாது என்று நாடெங்கும் வினவினர். அப்பொழுது அறிஞர்க்குக் கைகொடுத்தது ஒரு பழைய குறிப்பு. 1973 ஜனவரியில் இதே கரையோரத்தில் இதே வகைத் திமிங்கிலங்கள் 147 ஒதுங்கின என்பது அக்குறிப்பு. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கரையில் நடந்து, நின்று, எண்ணி, எழுதிவைத்தவர் இலராயின், 2016இல் நிகழ்ந்தது இக்கரை கண்ட முதல் நிகழ்ச்சி என்றே உலகம் கருதியிருக்கும். எண்ணி எழுதுதல் சிறு செயல். அதன் பயன் சிறிதன்று.

ஓர் இடத்தையே பலகாற் காண்பதால் விளையும் அறிவுக்கு மேலைநாட்டிலும் சான்று உண்டு. இங்கிலாந்து நாட்டில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார் தம் ஊர்ப்புறத்திலேயே ஆண்டுக்கணக்கில் நடந்தார். உருவில் ஒன்றுபோலவே தோன்றும் மூன்று சிறு பறவைகளை அவற்றின் குரல் வேற்றுமையால் தனித்தனி இனமென அவர் கண்டறிந்தார். 1789இல் வெளிவந்த அவர் நூல் இன்றும் பயிலப்படுகின்றது. தமிழகத்திலும், 1912இல் திருநெல்வேலியிற் பிறந்த மா. கிருஷ்ணன் என்னும் இயற்கையறிஞர், பெருங்காட்டு யானையை நோக்கிய அதே கூர்மையோடு ஊர்க்குருவியையும் ஓணானையும் நோக்கி எழுதினார். 1950 முதல் 1996 வரை ஒரு செய்தித்தாளில் இடையறாது வந்த அவர் கட்டுரைகளுட் பல, எவரும் பொருட்படுத்தாத எளிய உயிர்களைப் பற்றியனவே.

இக்கருத்தை மறுப்போர் கூறுவனவும் சில உள. தேர்வுக்குரிய பொழுது வீணாகும் என்பர் பெற்றோர். திங்களுக்கு இருமுறை, இரு நாழிகை என்பது எவ்வளவு பொழுது என்று அவர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கடல் அச்சந் தருவது என்பர். இது புறக்கணிக்கத்தக்கதன்று. மணப்பாட்டுக் குன்றையடுத்த அலை வலிமையுடையது. கழிமுகத்தின் மணல் இடத்துக்கிடம் மாறுவது. ஆகவே, ஆசிரியரோடு ஊர்ப் பெரியவர் ஒருவரும் உடன் செல்லுதல் வேண்டும். நீரில் இறங்குதல் நடையின் பகுதியாகாது. மூன்றாவதாக, பரதவர் மக்களுக்குக் கடலைக் கற்பிப்பதா என்று நகைப்பாரும் உளர். நகைப்பு ஒருவகையில் பொருத்தமே. வாடைக்கும் கச்சானுக்கும் உள்ள வேறுபாட்டையும், சாளை எப்பொழுது கரையை நெருங்கும், எந்தப் பாரில் எம்மீன் தங்கும் என்பனவற்றையும் நூல்கொண்டு கற்பிக்கும் ஆசிரியரைக் காட்டிலும், வலை பின்னும் முதியவர் நன்கறிவார். அவர் அறிந்தவை எழுத்தில் ஏறவில்லை என்பதுதான் குறை. 1961இல் தூத்துக்குடிக் கடலில் நடைபெற்ற முத்துக்குளிப்புக்குப் பின் அத்தொழில் ஓய்ந்தது. மூச்சடக்கி மூழ்கி முத்துப்பார்களை அறிந்திருந்தோரின் அறிவில் எவ்வளவு இன்று எஞ்சியுள்ளது? மாணவர் பேரேட்டில் அம்முதியோர் சொற்களும் இடம்பெறுதல் வேண்டும்.

மறுப்போர் கூறாத இடர் ஒன்றும் உண்டு. காண வருவோரே காணும் பொருளைக் கெடுத்துவிடுவர். பறவை மேயும் சேற்றில் ஆரவாரத்தோடு இறங்கும் கூட்டம், நெடுவழி வந்த உள்ளானை உண்ணவொட்டாமல் விரட்டுகின்றது. உயிருள்ள சங்கையும் சிப்பியையும் பையில் நிரப்பிச் செல்வது அறியாமை மட்டுமன்று. பல வகைகளில் குற்றமுமாகும். திமிங்கிலத்தையும் கடலாமையையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கின்றது. பவள உயிர்களும் கடலட்டைகளும் சில சங்கு வகைகளும் 2001இல் அச்சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. எனவே இருபதின்மருக்கு மேல் ஒருங்கே செல்லாமையும், எதனையும் எடுத்து வாராமையும் நடையின் விதிகளாதல் வேண்டும். பேரேடும் எழுதுகோலும் கொண்டு செல்க. பிளாஸ்டிக் பையைக் கொண்டு செல்லற்க.

மாணவரால் இஃது இயலுமோ என ஐயுறுவோர் சென்னைக் கடற்கரையை நோக்கலாம். பங்குனி ஆமைகள் தை முதல் பங்குனி வரை இரவிலே கரையேறி மணலில் முட்டையிடும். ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இருக்கும். நாயும் மனிதரும் அவற்றை அழிக்காவண்ணம், 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகக் கூடி, இரவுதோறும் பல கிலோமீட்டர் நடந்து, முட்டைகளைத் திரட்டிப் பாதுகாத்து, வெளிவந்த குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். அவர்கள் நடக்கும் தொலைவில் ஒரு சிறு பகுதியைப் பகலிலே நடத்தல் மணப்பாட்டு மாணவர்க்கு அரிதன்று.

இதனைக் காலந்தாழ்த்தாது தொடங்குதற்குக் காரணமும் உண்டு. மணப்பாட்டையடுத்த குலசேகரன்பட்டினத்தில் விண்வெளி ஏவூர்தித் தளம் அமைக்க 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. நாட்டுக்கு அது பெருமை தருவதே. கரையோரம் அதனால் மாறுமோ, மாறாதோ, எவ்வளவு மாறுமோ என்பதை முன்கூட்டிச் சொல்ல வல்லார் இலர். ஆனால் இன்றைய கரை எங்ஙனம் இருந்தது என்று காட்டும் ஏடு ஒன்று பள்ளி அலமாரியில் இல்லையாயின், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து மாறிற்று என்பாரும் மாறவில்லை என்பாரும் வெறும் சொல்லாலேயே வாதிட நேரும். ஐப்பசியில் உள்ளான்கள் கழிக்கு வந்துவிடும். மழையற்ற ஒரு காலைப் பொழுதில் முதல் நடையைத் தொடங்கலாம். பறவையின் பெயர் தெரியவில்லையெனினும், அலகின் நீளம், காலின் நிறம், கண்ட எண்ணிக்கை, கண்ட நாள் ஆகிய இவற்றை எழுதிவைத்தால் முதல் நாளுக்கு அது போதும்.