நிலத்தை விற்குமுன் ஒரு கேள்வி



பெக்கோக்கில் என் மாணவி ஒருத்தியின் தாத்தாவிற்குப் பார்க்கின்சன் நோய். பால்மரம் சீவிய கால்கள், வாசற்படியை நெருங்கியதும் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும். 'மூளையில் கருவி பொருத்தினால் ஓடியே போவார்' என்று ஓர் இடைத்தரகர் சொல்ல, இருக்கும் ஒரே நிலத்தை விற்க மகன் ஆயத்தமாகிவிட்டார். இதனைக் கேட்டபின்னும் வாளாவிருக்க என்னால் இயலவில்லை.

ஆழ்மூளைத் தூண்டல் பொய் மருத்துவமன்று. 1987ஆம் ஆண்டு பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனபிட் குழுவினர் நடுக்கத்திற்காகத் தொடங்கிய முறை அது. மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைகளைச் செருகி, மார்புத் தோலுக்கடியில் வைத்த மின்கலக் கருவியால் இடைவிடாது தூண்டுவர். நடுக்கமும் தசை இறுக்கமும் குறையும். மருந்தின் ஆற்றல் ஏறியிறங்கும் தொல்லையும் தணியும்.

ஆனால் நடை? இங்கேதான் தரகர்கள் வாய்மூடிக்கொள்கிறார்கள். லெவோடோபா மருந்து நன்றாக வேலைசெய்யும் வேளையில் நடை சீராகிறதா என்று பாருங்கள். சீரானால் அறுவையும் உதவக்கூடும். அந்த வேளையிலும் கால் உறைந்து நின்றால், நிலைதடுமாறி விழுந்தால், அறுவை பெரும்பாலும் அதை மாற்றாது. சிலருக்குப் பேச்சும் நடையும் மேலும் குன்றுவதுண்டு. நடைக்கென்றே மூளைத்தண்டைத் தூண்டிப் பார்க்கும் முயற்சிகள் 2005 முதல் நடந்தன; பலன் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

2023இல் தண்டுவடத் தூண்டலால் பிரெஞ்சுக்காரர் ஒருவர் நடக்கும் காணொளி வெளிவந்ததே, அதையும் அந்தத் தரகர் காட்டினாராம். அவ்வாய்வறிக்கையில் இடம்பெற்றவர் ஒரே ஒரு நோயாளி ஐயா! ஒரு மாணவன் 'ஏ' வாங்கினால் பள்ளி முழுதும் தேர்ந்துவிட்டது என்று எந்தத் தலைமையாசிரியராவது அறிக்கை அனுப்புவாரா?

காசில்லாத வழியொன்றை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தரையில் குறுக்குக் கோடுகள் இட்டால் உறைந்த கால் பெயரும் என்பதை இலண்டன் மருத்துவர் பர்டன் மார்ட்டின் 1967இலேயே எழுதியிருக்கிறார். எல்லார்க்கும் பலிக்காதுதான். வகுப்பில் ஒட்டும் வெள்ளை நாடாவைக் கொண்டுபோய் வாசலில் ஆறு கோடுகள் ஒட்டினேன். பேத்தி அருகில் நின்று எண்ணினாள். முதலிரு முறை கால் அசையவில்லை. மூன்றாம் முறை படியைத் தாண்டினார். மறுநாள் மீண்டும் நின்றுவிட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

"சார், நீங்க வாத்தியார். ஆபரேஷனப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று மகன் சினந்தார். சினக்கட்டும். தகப்பனுக்காக நிலத்தையே விற்கத் துணிந்தவரைக் குறைசொல்ல எனக்கு நா எழாது. மருந்து வேலைசெய்யும் நேரத்தில் தந்தை எப்படி நடக்கிறார் என்பதைக் கைப்பேசியில் படமெடுத்து, நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். படமெடுத்திருக்கிறார். மருத்துவரைக் காணும் நாள் அடுத்த மாதம். நிலம் இன்னும் கைமாறவில்லை. தரகர் நாள்தோறும் அழைத்துக்கொண்டிருக்கிறார்.