டயரில் காற்று இருக்கிறதா?



பெட்ரோல் லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டிய பிறகு சிக்கனம் பற்றிப் பேசாத வீடில்லை. ஆனால் நம்மில் பலர் டயரில் காற்றுக் குறைந்த வண்டியைத்தான் ஓட்டுகிறோம். காற்றுக் குறைந்தால் டயர் அமுங்கி உருளும்; என்ஜின் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். பெட்ரோல் அங்கேதான் போகிறது. காரில் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போவதும், சிக்னலில் நீண்ட நேரம் நிற்கும்போது என்ஜினை அணைப்பதும் காசு கேட்காத வழிகள்.

வண்டியையே எடுக்காமல் இருப்பதும் சிக்கனம்தான். கோவை சிங்காநல்லூர் குளக்கரைக்கு, நடப்பதற்கென்றே காரில் வருகிறவர்கள் உண்டு. இரண்டு தெரு தள்ளி இருப்பவர்களாவது நடந்தே வரலாமே! நாமக்கோழிகள் தலையை ஆட்டியபடி நீந்துவதையும், நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் காயவைப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இதைவிடச் செலவு குறைந்த, நிறைவான ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்து வேறில்லை.

மீண்டும் டயருக்கு வருகிறேன். பெட்ரோல் பங்குகளில் இலவசமாகக் காற்றுப் பிடித்துத் தர வேண்டும் என்பது விதி. எங்கள் பகுதியில் பல பங்குகளில் காற்றுப் பிடிக்கும் இயந்திரம் பழுதாகியே கிடக்கிறது. எண்ணெய் நிறுவன அதிகாரிகள் நேரில் ஆய்வு செய்து உடனே சரிசெய்ய வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்