அடுத்தவன் திண்ணை

"எல்லாம் கிட்ஹப்பில் பத்திரமாக இருக்கிறது, சார்" என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பாலாற்றங்கரையில் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்தவர்களின் மக்கள் இன்று கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எழுதியதை, வருஷக்கணக்காகத் திருத்தித் திருத்திச் சேர்த்த சரித்திரத்தோடு, கடல் கடந்த ஒரு கம்பெனியின் கிடங்கில் மட்டும் போட்டுவிட்டு, அதற்குப் 'பத்திரம்' என்று பெயரும் வைக்கிறார்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அடுத்தவன் திண்ணையில் இனாமாகப் படுக்க இடம் கிடைத்தது என்பதற்காக வீட்டுப் பத்திரத்தையும் அங்கேயே வைத்துவிட்டு வருவார்களா?

வேடிக்கை என்னவென்றால், இவர்களுடைய தகப்பன்மாருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவீதம் வரி போட்டதே, அப்போது ஆம்பூர் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்தவனுக்கு வயிற்றைக் கலக்கியது. ஐரோப்பாவுக்கும் கொஞ்சம் அனுப்பிக்கொண்டிருந்தவன் மூச்சுவிட்டான். ஒரே வாடிக்கைக்காரனை நம்பித் தொழில் நடத்துகிறவனைக் கெட்டிக்காரன் என்று தோல் மண்டியில் எந்தப் பாயும் சொல்லமாட்டார். அந்த மண்டியின் நிழலில் வளர்ந்த பிள்ளைக்கு மட்டும் அந்தப் புத்தி வரவில்லை.

"அவ்வளவு பெரிய கம்பெனி எங்கே போய்விடும்?" என்கிறார்கள். கம்பெனி போக வேண்டாம். அதற்குப் போகிற வழி அடைபட்டால் போதாதா? 2014 டிசம்பரில் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, பயங்கரவாதப் பிரசாரத்தைத் தடுப்பதாகச் சொல்லி 32 இணைய முகவரிகளை மூடச் சொன்னது. அந்தப் பட்டியலில் கிட்ஹப் இருந்தது. பழம் புத்தகங்களைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தது. அங்கொன்று இங்கொன்று என்று இரண்டு பிரதி வைத்திருந்த ஜாக்கிரதைக்காரனுக்கும் ஒரே உத்தரவில் இரண்டு வாசலும் அடைபட்டன. சில நாளில் திறந்துவிட்டார்கள் என்பது மெய்தான். திறந்தது அவர்கள் தயவு. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மூன்று மாவட்டங்களில் இணையத்தையே நிறுத்தினார்கள். அப்போது எத்தனை தேசத்தில் பிரதி இருந்து என்ன பிரயோஜனம்? மேஜைமேல் ஒன்று இருந்தவனுக்குத்தான் வேலை ஓடியிருக்கும்.

கம்பெனிகளும் போகத்தான் செய்கின்றன. கூகிளைவிடப் பெரிய ஆளை எங்கே தேடுவது? அவர்கள் நடத்திய கூகிள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அவர்களாவது பத்து மாதத் தவணை கொடுத்தார்கள். கோட் ஸ்பேசஸ் என்ற கம்பெனியின் கதை வேறு. 2014 ஜூனில் அதன் அமேசான் கணக்குக்குள் ஒருவன் புகுந்து பணம் கேட்டு மிரட்டினான்; அவனை வெளியேற்றப் பார்த்தபோது கைக்கு அகப்பட்டதையெல்லாம் அழித்தான். பிரதி எடுத்து வைக்கவில்லையா என்றால், வைத்திருந்தார்கள். அதே கணக்குக்குள்! ஒரே சாவியில் திறக்கிற இரண்டு பீரோவை இரண்டு என்று எண்ணலாமா? கம்பெனி அத்தோடு கடையைக் கட்டியது.

நம் பிள்ளைகளில் சற்று விவரமானவர்கள் கிட்லாபிலும் கோட்பெர்க்கிலும்கூடப் பிரதி வைக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் மூன்று இடத்துக்கும் ஒரே ஈமெயில், ஒரே கைப்பேசி எண். இரண்டாவது வீட்டுக் கதவை முதல் வீட்டுச் சாவியாலேயே திறந்துகொள்கிற ஏற்பாடு வேறு. கைப்பேசி தொலைந்தால் மூன்றும் போச்சு.

இத்தனைக்கும் கிட் என்ற சாதனம் பிறந்த கதையே இதுதான். லினக்ஸ்காரர்கள் இனாமாக உபயோகித்துக்கொண்டிருந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளுக்கு அதன் சொந்தக்காரர் 2005-இல் சலுகையை நிறுத்தினார். லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே ஒன்றை எழுத உட்கார்ந்தார். அதில் எவன் பிரதி எடுத்தாலும் முதல் நாளிலிருந்து முழுச் சரித்திரமும் அவன் கைக்கு வந்துவிடும். அப்பேர்ப்பட்ட சாதனத்தை ஒரே வாசலில் கட்டிப்போட்டிருக்கிறோம்!

'மிரர்' என்று பெரிதாகச் சொல்லிக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடிக்குச் சொந்த புத்தி கிடையாது. இங்கே ஒரு கிளையைத் தவறி அழித்துவிட்டு மிரர் ஆணையைக் கொடுத்தால், அங்கேயும் அது அழியும். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்த சாமிநாதையர் பல வீட்டு ஏடுகளை ஒப்பிட்டுத்தான் பாடம் கண்டார். எல்லாம் ஒரே ஏட்டின் நிழலாக இருந்திருந்தால், கறையான் தின்ற இடம் அத்தனையிலும் ஓட்டையாகவே இருந்திருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை மொத்தத்தையும் பண்டில் என்று ஒரே கோப்பாகக் கட்டித் தேதி போட்டு வைக்க வேண்டும். அதை யாரும் தொடக்கூடாது.

இன்னொன்று. நிரல் மட்டும்தான் கிட்டில் பயணம் போகும். அதைப் பற்றிப் பத்துப் பேர் சொன்ன குறைகள், வாதங்கள், பதில்கள் எல்லாம் அந்தக் கம்பெனியின் புத்தகத்தில் தனியே எழுதப்படுகின்றன. 2017 ஜனவரி 31-இல் கிட்லாபில் ஓர் ஊழியர் தவறுதலாகத் தரவுகளை அழித்தபோது நிரல்கள் பிழைத்தன. ஆறு மணி நேரத்துப் பேச்சுக்கள் போயின. ஐந்து வித முன்னேற்பாடுகளில் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதினார்கள். அந்த நேர்மையை நான் மெச்சுகிறேன். ஆனால் போனது போனதுதான்.

பெரிய வியாபாரியின் நிரல் போனால் காசு கொடுத்து மறுபடி எழுதிக்கொள்வான். தமிழுக்காக எழுதப்படும் சமாசாரங்கள் அப்படியா? எழுத்துருவை மாற்றித்தரும் கருவி, பிழை திருத்தும் கருவி, ஓப்பன்-தமிழ் போன்ற நிரல் தொகுப்பு எல்லாம் கூலி வாங்காமல் ஓய்வு நேரத்தில் எழுதியவை. எழுதியவன் அலுத்தோ செத்தோ போனபிறகு அவற்றை யார் மறுபடி உட்கார்ந்து எழுதப்போகிறார்கள்?

"இரட்டை வேலை, சார்" என்கிற சாக்கு செல்லாது. ஒரு தடவை இரண்டு முகவரியையும் பதிந்துவிட்டால் ஒரே ஆணையில் இரண்டு இடத்துக்கும் போகிறது. எது மூலம், எது பிரதி என்று முகப்பிலேயே எழுதிவிட்டால் குழப்பமும் இல்லை. ஆம்பூரில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிடுகிற காசுக்கு ஒரு பென்டிரைவ் வாங்கலாம். வாங்கி, அதைக் கம்ப்யூட்டர் மேஜையின் டிராயரிலேயே போட்டு வைக்காதீர்கள். குடியாத்தத்தில் அக்கா வீடு இருந்தால் அங்கே கொடுத்து வையுங்கள்.