சுவருக்கு ஒரு புடவை

நம்மவர் வீடுகளில் சுவர் என்பது ஆணி அடிப்பதற்காகவே ஏற்பட்டது என்று ஓர் அபிப்பிராயம் நிலவி வருகிறது. ஆணி அடித்தாகிவிட்டால் அதில் எதையாவது மாட்ட வேண்டுமே! மளிகைக் கடைக் காலண்டர் ஒன்று, நகைக் கடைக் காலண்டர் ஒன்று, போன வருஷத்துக் காலண்டர் ஒன்று (அதில் லக்ஷ்மி படம் நன்றாயிருக்கிறதாம்!) - ஆக மூன்று ஆணிகளுக்கு உத்தியோகம் கிடைத்துவிடுகிறது. வசதியுள்ளவர்கள் மிஞ்சிய இடத்தைக் கடையில் வாங்கிய அலங்காரத் தொங்கலால் நிரப்புகிறார்கள். அத்தகைய தொங்கல் ஒன்றை வீட்டுச் சாமான்களைக் கொண்டே செய்துகொள்ளலாம் என்பதையும், அதில் அழகைத் தவிர வேறொரு லாபமும் உண்டு என்பதையும் இந்த வாரம் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

"துணி, கயிறு, ஓலை, சோழி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் குப்பையாகுமே தவிர, கலையாகுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். 1912-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிக்காஸோ என்னும் ஓவியர், பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணித் துண்டு ஒன்றைத் தம் படத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் கயிற்றைக் கட்டினார். மேனாட்டு ரஸிகர்கள் அதை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் இந்த வித்தைக்காக நாம் கப்பலேற வேண்டியதில்லை. வங்காளத்துப் பெண்மணிகள் நைந்துபோன புடவைகளை அடுக்கடுக்காக வைத்து, பழைய கரைகளிலிருந்தே வர்ண நூலை உருவியெடுத்து, தாமரையும் யானையுமாகத் தைத்தார்கள். அதற்குக் 'காந்தா' என்று பெயர். நம்முடைய 'கந்தை'யும் அந்தச் சொல்லுக்கு உறவுதான்!

இனிச் செய்முறைக்கு வருவோம். அடித்துணிக்குக் கோணிச் சாக்கே சிலாக்கியமானது. சாக்கைப் பிரித்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, இரண்டடி அகலமும் மூன்றடி நீளமுமாக வெட்டிக்கொள்ள வேண்டும். மேல் விளிம்பை மடித்துத் தைத்தால் மூங்கில் கழி நுழைய இடம் கிடைக்கும். கீழ் விளிம்பில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் குறுக்கு இழைகளை உருவிவிட்டால் குஞ்சம் தானே அமைந்துவிடும். குஞ்சத்துக்கு மேலே ஒரு வரிசை தையல் அவசியம். இல்லாவிட்டால் இழை பிரிந்துகொண்டே மேலே ஏறிவிடும். பின்புறத்தில் பழைய வேஷ்டித் துண்டு ஒன்றைக் கொடுத்துத் தைத்தால் சாக்கு தொய்யாது.

மேடு பள்ளம் எப்படி உண்டாக்குவது? தஞ்சாவூர்ப் படங்களில் சுண்ணத்தையும் பசையையும் குழைத்து அப்புகிறார்களே, அது இங்கே உதவாது. அந்தப் படங்களில் துணி பலகைமேல் ஒட்டப்பட்டு அசையாமல் இருக்கிறது. தொங்கலோ காற்றில் அசையும். அப்பியது வெடித்து உதிர்ந்துவிடும். ஆகையால் துணியோடு கூடவே வளைந்து கொடுக்கும் பொருள்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தேங்காய் நார்க் கயிற்றைச் சுருட்டி வட்டமாகத் தைக்கலாம். கிழிந்த கோரைப் பாயின் நல்ல பகுதியை வெட்டி வைக்கலாம். பனங்குருத்தோலையை நீரில் நனைத்து மடித்தால் ஒடியாது. புடவைத் துண்டுக்கு அடியில் சிறிது இலவம் பஞ்சு வைத்துத் தைத்தால் அந்த இடம் புடைத்து நிற்கும். துளையிட்ட சோழிகளைக் கீழ்ப்பகுதியில் கோத்தால் அந்தக் கனமே துணியை இழுத்து நிறுத்தும்.

பசையை நம்ப வேண்டாம். மாவுப் பசையில் கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அலாதிப் பிரியம். ஊசியும் தடித்த நூலுமே உத்தமம். தொங்கலை ஜன்னலுக்கு எதிரில் மாட்டாமல், ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் மாட்டுக. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் உண்டாகும். அந்த நிழலே பாதி அழகு. நேர் வெயில் மட்டும் கூடாது, சாயம் வெளுத்துவிடும்.

இப்போது அந்த வேறொரு லாபத்தைச் சொல்கிறோம். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாட்டியம்மாள் காலமானார். பட்டுப் புடவைகளைப் பெண்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். தினந்தோறும் உடுத்திய நூல் புடவைகளை யாரும் கேட்கவில்லை. தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவன் வந்தபோது, அவற்றுக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணம் பேசி முடிந்தது. கடைசி நிமிஷத்தில் மருமகள் மட்டும் ஒரு சுங்கடிப் புடவையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அதன் துண்டுகள்தான் இன்று அந்த வீட்டுத் தொங்கலின் நடுவில் இருக்கின்றன. பாட்டியின் போட்டோவும் அருகில்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து வயதுப் பேரன் போட்டோவை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. போகிற போக்கில் அந்தப் புடவைத் துண்டைத் தடவிவிட்டுத்தான் போகிறான். போட்டோவைத் தொட்டால் கண்ணாடி அல்லவா தட்டுப்படும்!

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பழகும் நாம் இதில் வியப்பதற்கொன்றும் இல்லை. குழந்தைக்குக் கை எட்டுவதுதான் மனத்துக்கும் எட்டும். ஆகவே, நேயர்களே, பெட்டியைக் காலி செய்யும்போது ஒரு முழம் துணியாவது நிறுத்தி வையுங்கள். தொங்கலைக் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் மாட்டுங்கள். பின்புறத்து வேஷ்டித் துணியில், எந்தத் துண்டு யாருடையது என்பதை நூலால் எழுதி வையுங்கள். நாளைக்குப் பேரன் கேட்கும்போது பதில் சொல்ல நாம் இல்லாமற் போகலாம்.