கபிலரும் புனைவியல் அளவுகோலும்

சங்கப் பாடல்களின் இயற்கைப் புனைவை ஆங்கிலப் புனைவியல் கவிதையோடு ஒப்பிடும் வழக்கம் தமிழாய்வில் நெடுநாளையது. மு. வரதராசன் 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கே. தனிநாயகம் அடிகளாரும் இப்பொருளை ஆங்கிலத்தில் நூலாக்கிப் பிறமொழியாளர் அறியச் செய்தார். பின்வந்த ஒப்பீடுகளுள் பல, கபிலரை வேர்ட்ஸ்வொர்த்துக்கு முன்னோடியாகக் காட்டுவதோடு அமைதியுறுகின்றன. அவ்வமைதி ஏற்கத்தக்கதன்று.

குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்களை இயற்கையில் தோய்ந்த உள்ளத்தின் பெருக்காகக் கொள்வது பெருவழக்கு. 261 அடிகள் கொண்ட அப்பாட்டில் அம்மலர்களை அடுக்கிச் சொல்பவள் தோழி, கேட்பவள் செவிலி. மகளின் மெலிவு கண்டு கலங்கிய தாய்க்கு, நிகழ்ந்ததை மறையாது உரைத்துத் தலைவியின் கற்பை நிலைநாட்டும் அறத்தொடுநிலை அது. தினைப்புனம் காக்கச் சென்றதும், தட்டையும் தழலும் குளிரும் கொண்டு கிளி ஓப்பியதும், வெயில் மிக்க பொழுதில் அருவியாடி மலர் பறித்துப் பாறையில் குவித்ததும் அக்கூற்றின் பகுதிகள். மலர்ப்பட்டியல் தொழிலின் இடையே கிடைத்த ஓய்வின் கணக்கு. ஒருவகையில் சான்றுரையும் ஆகும்.

1807-இல் வெளிவந்த வேர்ட்ஸ்வொர்த்தின் தனித்துக் கதிரறுக்கும் பெண் பற்றிய கவிதையில், வழிப்போக்கன் அவள் பாட்டின் பொருளறியாமலே உளம் நெகிழ்கிறான். அவ்வறியாமையே அக்கவிதையின் அழகு என்பதை மறுப்பதற்கில்லை. கபிலரோ புனங்காப்பவளையே பேசவைக்கிறார். இதனால் அவரை மலைமகன் ஆக்கிவிடுதலும் பிழை. பாண்டிநாட்டுத் திருவாதவூரினர் என மரபு கூறும் அந்தணர் அவர்; மலைக்கு அயலவரே. அயலவர் ஒருவர் மலைப்பெண்ணின் குரலுக்குள் நின்று பேச இயன்றது திணைமரபின் கூற்றுமுறையால். முதல், கரு, உரி எனப் பகுக்கும் தொல்காப்பியத்தில், காண்போன் எதிரே தனித்து நிற்கும் ‘இயற்கை’க்கு இடமில்லை.

கபிலரின் இறுதியோடு இணைத்துப் பேசப்படும் கபிலர் குன்று திருக்கோவலூரில் பெண்ணையாற்றில் உள்ளது. பாரிமகளை மலையமானுக்கு அளித்துக் கபிலர் தீப்புகுந்த செய்தியை அவ்வூர் வீரட்டானக் கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறும். 2019-இல் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அக்குன்றும் கல்வராயன் மலையின் ஒரு பகுதியும் ஒருசேர அடங்கின. மலையில் வாழும் மலையாளி மக்கள் இன்றும் சாமை முதலிய சிறுதானியங்களை விளைவிப்பவர்கள். பயிரை அணில், கிளி, பன்றி ஆகியவற்றிடமிருந்து காத்தல் அவர்களுக்கு இலக்கியச் செய்தியன்று.

99 மலர்களுள் சிலவற்றை இன்ன செடி எனத் துணிவதில் உரையாசிரியர்க்கும் தாவரவியலார்க்கும் கருத்து வேறுபாடு தீரவில்லை. அவ்வழக்கு பெரும்பாலும் நிகண்டுகளையும் உரைகளையும் கொண்டே நடக்கிறது. கல்வராயன் மலைமக்கள் வழங்கும் செடிப்பெயர்களைத் திரட்டி மூலத்தோடு வைத்து நோக்கும் பணி, இன்னொரு வேர்ட்ஸ்வொர்த்து ஒப்பீட்டினும் முதற்கண் மேற்கொள்ளத்தக்கது. கள்ளக்குறிச்சியில் பயிலும் தமிழ் மாணவர்க்கு அம்மலை தொலைவிலும் இல்லை.