ஆற்றங்கரைக்கும் வரைபடத்தில் இடம் வேண்டும்

கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போகிறவர்கள் படகிலிருந்து பெரெம்பாங் மரங்களைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மின்மினி வளர்வது மரத்தில் அல்ல. மரத்துக்குப் பின்னால், நீப்பாவும் ரும்பியாவும் மண்டிய ஈரக்கரையில், சருகுக்கு அடியில் அதன் புழுக்கள் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கின்றன. அந்த ஈரக்கரையை வெட்டி வடிகால் போட்டுச் செம்பனை நட்டால், மரம் நிற்கும், வெளிச்சம் இருக்காது. மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் இந்த உண்மையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, கோல சிலாங்கூரின் இயற்கை வளத்தைக் காப்பது என்பது மரத்தைச் சுற்றி வேலி போடுகிற காரியம் அல்ல. பின்னால் இருக்கும் நிலம் யாருடையது, நாளை அது என்னவாகப் போகிறது என்று கேட்கிற காரியம். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம்.

வழக்கமான பதில் நமக்குத் தெரியும். ஆறு வடிகால் நீர்ப்பாசன இலாகாவுடையது, நீர் லுவாஸ் வாரியத்துடையது, அலையாத்திக் காடு வன இலாகாவுடையது, நிலம் மாநில அரசாங்கத்துடையது என்பார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் ஊர்த் திட்டமிடல் சட்டம் 172இன்படி உள்ளூர்த் திட்டத்தைத் தயாரிப்பதும், மேம்பாட்டுக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் ஊராட்சி மன்றத்தின் வேலை. ஊராட்சிச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, ஆற்றிலோ கரையிலோ அசுத்தம் கொட்டுவதைக் குற்றமாக்குகிறது. கையில் இவ்வளவு அதிகாரத்தை வைத்துக்கொண்டு, 'எங்கள் எல்லைக்குள் வராது' என்று மன்றம் கைகழுவ முடியாது.

அவசரமும் இருக்கிறது. 2011இல் லத்தார் நெடுஞ்சாலை வந்தது. அடுத்து மேற்குக் கரை நெடுஞ்சாலையும் அசாம் ஜாவா பக்கம் வந்துவிட்டது. சாலை வந்தால் நிலத்தின் விலை ஏறும். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாற அதிக காலம் ஆகாது. தோட்டம் தோட்டமாக இருக்கும்போதே ஆற்றங்கரைக்கு எல்லை போட்டுவிட வேண்டும். மறுநடவு செய்கிற நிறுவனம் கரையோர வரிசைகளைக் காட்டுக்கு விட்டுத் தர வேண்டும். நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டால், கரையோரப் பட்டை அந்த அனுமதியின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். பிறகு விலை கொடுத்து வாங்கிக் காக்க எந்த நகராண்மைக் கழகத்தாலும் முடியாது.

முன்னுதாரணம் இதே ஊரில் இருக்கிறது. குழிப்பந்து மைதானமாக வேண்டிய சதுப்பு நிலம்தான், மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987இல் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவானது. அன்று அதை மறித்துக் கேட்க ஆள் இருந்தது.

இன்று யார் கேட்பார்? 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது முதல் நாம் யாரையும் மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்ததில்லை. அதிகபட்சம் 24 உறுப்பினர்கள்; அனைவரையும் மாநில அரசாங்கமே நியமிக்கிறது. பெரும்பாலும் கட்சிகளுக்குள் நடக்கும் பங்கீடு அது. ஆனால் தங்கள் சமூகத்தின் நலனைப் பேசக்கூடியவர்களை நியமிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. பாசிர் பெனாம்பாங் மீனவர், படகோட்டி, தோட்டத்தில் பிறந்து வளர்ந்து கால்வாயின் போக்கை அறிந்தவர் என ஆளுக்கோர் இடம் கொடுத்தால் கட்சிகளுக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கரையின் கதையை ஆற்றின் மேற்பகுதி தீர்மானிக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. இதே ஆற்றின் மேலே, கோல குபு பாருவில் அணை நன்னீரைத் தேக்குகிறது. கீழே நன்னீர் குறைந்தால் உப்பு மேலேறும், பெரெம்பாங் தாங்காது. 2020 செப்டம்பரில் ரவாங்கில் ஆற்றில் கலந்த கழிவால் கிள்ளான் பள்ளத்தாக்கில் லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. கோல சிலாங்கூர் மன்றமும் ரவாங்கை நிர்வகிக்கும் செலாயாங் மன்றமும் ஒரே மேசையில் உட்கார அந்தச் சம்பவமே போதுமான காரணம்.

உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது எழுத்துபூர்வமாக ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டம் உரிமை தருகிறது. தோட்டப்புற இந்திய சமூகத் தலைவர்களும் ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அந்த வரைபடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் தோட்டத்தை ஒட்டிய ஆற்றங்கரைக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அது வீடமைப்பின் நிறமாக இருந்தால், அன்றே ஆட்சேபக் கடிதம் எழுதுங்கள்.